கணித யந்திரமும் ஆர்கன் வாத்தியமும்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஸ்டான்போர்டு ஸர்வகலாசாலையில் பல்லாண்டுகள் ஆசிரியராயிருந்து 1993-ல் ஓய்வு பெற்ற டொனால்ட் கனூத் என்பவரின் வீட்டில் ஒரு குழல் ஆர்கன் இருக்கின்றது. நம் வீடுகளில் பெண்குழந்தைகள் பாட்டுப் பழகும் ஹார்மோனியத்தைப் போன்ற சிறு வாத்தியம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பெரிய தேவாலயங்களில் சுவரை மறைத்துக்கொண்டு நிற்குமே, நூற்றுக்கணக்கான குழல்களோடு, கைகளாலும் கால்களாலும் சேர்ந்து வாசிக்கவேண்டிய மகா வாத்தியம், அந்த ஜாதியைச் சேர்ந்தது அது. இத்தனைக்கும் அதன் சொந்தக்காரர் தொழிலால் சங்கீத வித்துவான் அல்லர். கம்ப்யூட்டர் என்னும் கணித யந்திரத்துக்குக் கட்டளை எழுதும் வித்தையை ஒரு சாஸ்திரமாகவே வகுத்துத் தந்த பண்டிதர். பெயரிலுள்ள ககரத்தை ஆங்கில வழக்கப்படி விழுங்கிவிடாமல் ‘கனூத்’ என்று முழுக்க உச்சரிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அவர் 1938-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி மில்வாக்கி நகரில் பிறந்தார். குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. லுத்தரன் சபை என்றால் நம்மவர்க்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரும். 1706-ல் அங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்க் அந்தச் சபையின் குருவேயாவார். கனூத்தின் தகப்பனார் சபைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். கணக்கு வைக்கும் முறை கற்பித்தார். சிறிய அச்சுத் தொழிலும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்கன் வாசித்தார். கணக்கு, அச்சு, ஆர்கன், கோயில் என்ற நான்கும் பிள்ளையின் ஜாதகத்தில் அப்படியே வந்து அமர்ந்துகொண்டன.

பிள்ளைப் பிராயத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவருடைய குணத்தை நன்றாகக் காட்டுகிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது மிட்டாய்க் கம்பெனி ஒன்று போட்டி வைத்தது. தங்கள் மிட்டாயின் பெயரான ‘ஸீக்ளர்ஸ் ஜயண்ட் பார்’ என்பதிலுள்ள எழுத்துக்களைக் கொண்டு எத்தனை ஆங்கிலச் சொற்கள் அமைக்கலாம் என்பது கேள்வி. சிறுவன் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பெரிய அகராதியோடு உட்கார்ந்துவிட்டான். பரீக்ஷகர்களிடம் இருந்த ஜாபிதாவில் 2,500 சொற்கள்; சிறுவன் எழுதிக் கொடுத்தவை 4,500. பள்ளிக்கூடத்துக்கு ஒரு டெலிவிஷன் பெட்டியும், வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாயும் பரிசாகக் கிடைத்தன. பொய் வயிற்றுவலியை நாம் ஆதரிப்பதாக நம் வீட்டுச் சிறுவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளீவ்லாந்திலுள்ள கேஸ் கலாசாலையில் படிக்கும்போதுதான் அவர் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைக் கண்டார். அது ஐ.பி.எம். 650 என்ற மாதிரி. அதனோடு கழித்த இன்பமான மாலைப் பொழுதுகளை நினைவுகூர்ந்து, பின்னாளில் தம் மகா கிரந்தத்தையே அந்த யந்திரத்துக்குச் சமர்ப்பணம் செய்தார். மனிதர்க்கும் தெய்வத்துக்கும் நூலைச் சமர்ப்பித்தவர்கள் உண்டு; யந்திரத்துக்குச் சமர்ப்பித்தவர் வேறு எவரையும் நாம் அறியோம்.

அந்தக் கிரந்தத்தின் கதை விசித்திரமானது. 1962-ல், இருபத்து நான்கு வயதில், ஒரு பிரசுராலயத்தார் கேட்டுக்கொண்டபடி ஒரே ஒரு புத்தகம் எழுத ஒப்புக்கொண்டார். எழுத எழுத அது ஏழு பாகங்களாக விரிந்தது. ‘கம்ப்யூட்டர் புரோகிராம் கலை’ என்று பொருள்படும் பெயருடன் முதற் பாகம் 1968-லும், இரண்டாம் பாகம் 1969-லும், மூன்றாம் பாகம் 1973-லும் வெளிவந்தன. 1974-ல் அத்துறையின் தலையாய விருதான டூரிங் பரிசு அவரை வந்தடைந்தது. நான்காம் பாகத்தை உலகம் ஆவலோடு எதிர்பார்த்தது. அதன் முதற் பகுதி முழுமை பெற்றுப் புத்தகமாக வெளிவந்தது 2011-ல்! முப்பத்தெட்டு வருஷ இடைவெளி.

இடையில் என்ன நேர்ந்தது? 1977-ல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப் பிழைத்தாள் கைக்கு வந்தது. பழைய பதிப்பு ஈய எழுத்துக்களைக் கோத்து அழகாக அச்சிடப்பட்டது; புதியது அக்காலத்தில் வந்திருந்த போட்டோ முறையில் ஆனது. எழுத்துக்கள் கோணலும் மாணலுமாக அவர் கண்ணை உறுத்தின. அச்சுக்காரர் மகனல்லவா? பொறுக்கவில்லை. தாமே கம்ப்யூட்டரைக் கொண்டு அச்சுக் கோக்கும் முறை ஒன்றை உண்டாக்குவது என்று புறப்பட்டார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறையப் பத்து வருஷத்தை விழுங்கிற்று. ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு முறையும், எழுத்து வடிவங்களைக் கணித வாய்பாட்டால் வரையும் ‘மெட்டபாண்ட்’ என்ற முறையும் அதன் பலன்கள். ஒரு காசும் பெறாமல் இரண்டையும் உலகத்துக்குப் பொதுவாக்கிவிட்டார். இன்று உலகெங்கும் கணித சாஸ்திரிகள் தங்கள் கட்டுரைகளை டெக் முறையில்தான் கோக்கிறார்கள். மெட்டபாண்டைக் கொண்டு தமிழ் எழுத்துக்களையும் வாஷிங்டன் ஸர்வகலாசாலையில் வரைந்திருக்கின்றனர்.

இந்த வேலையில் அவரைப் பெரிதும் அலைக்கழித்தது ஆங்கிலத்தின் ‘எஸ்’ என்ற ஒரே ஓர் எழுத்து. நாட்கணக்கில் வாய்பாடு எழுதியும் அதன் வளைவு படியவில்லை. அவர் மனைவியார் ஜில் எட்டிப் பார்த்து, “எஸ் போல வளையும்படி செய்தால் என்ன?” என்று கேட்டாராம். நமது இல்லத்தரசிகள் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது. 1961-ல் மணம் புரிந்த இத்தம்பதிகளுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மக்கள். ஜில் அம்மையாரும் கலைத்திறம் வாய்ந்தவர். தேவாலயங்களில் தொங்கவிடும் சித்திரத் துணிகளைப்பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். கணவர் ஊர் ஊராகச் சென்று சாலையோரத்தில் நிற்கும் சாய்சதுர எச்சரிக்கைப் பலகைகளைப் படம் பிடித்துச் சேர்க்கிறார். தபால் தலை சேர்ப்பாரைக் கண்டிருக்கிறோம். இது புது மாதிரி.

மதத்தின் விஷயத்திலும் அவர் தம் தொழில் முறையையே கையாண்டார் என்பதுதான் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் வாக்கு. பெருந்தொகையான கணக்குகளைச் சோதிக்கக் கம்ப்யூட்டர் சாஸ்திரிகளும் இதையே செய்கிறார்கள். பைபிளையும் இவ்வாறு பதம் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. ஒவ்வோர் ஆகமத்திலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். யோவான் சுவிசேஷத்தில் அந்த வசனம் மிகப் பிரசித்தம். மற்ற ஆகமங்களில் அதே இடத்தில் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நூல்நிலையங்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் அறிஞர்கள் எழுதிய வியாக்கியானங்களைப் படித்தார். தாமே மொழிபெயர்த்தும் பார்த்தார். வசனம் ஒன்றுக்கு நான்கு பக்கம். அவற்றுள் ஒன்று சித்திர எழுத்து. எழுத்துக் கலையில் தேர்ந்த ஹெர்மன் ஸாப் என்ற ஜெர்மானியரின் துணையால் பல நாட்டுக் கலைஞர்கள் அவ்வசனங்களை வரைந்து தந்தனர். இப்படி உருவானதே 1991-ல் வெளியான ‘3:16’ என்ற புத்தகம். பிறகு 1999-ல் மாஸசூஸெட்ஸ் தொழிற் கலாசாலையில் கடவுளையும் கம்ப்யூட்டரையும் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 2001-ல் அவையும் நூலாயின. கணிதத்தைக் கொண்டு கடவுளை நிரூபித்துவிடலாம் என்று அவர் கிளம்பவில்லை. அந்த அடக்கமே அப்பேச்சுகளுக்கு மதிப்பைத் தருகிறது என்பது நமது அபிப்பிராயம்.

அவருடைய தினசரி வாழ்க்கையில் நம்மைத் திகைக்கச் செய்வது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் உலகத்தின் பிதாமகர் என்று கொண்டாடப்படும் அவருக்கு ஈமெயில் விலாசமே கிடையாது! பதினைந்து வருஷம் உபயோகித்துப் பார்த்து, 1990 ஜனவரி முதல் தேதியோடு விட்டுவிட்டார். உலகில் அன்றாடம் நடப்பவற்றின் மேல் கண்ணாயிருக்க வேண்டியவர்களுக்கு அது நல்லது. ஒரு விஷயத்தின் அடிவரை சென்று பார்க்க வேண்டியவனுக்கு ஆகாது என்பது அவர் வாதம். வரும் கடிதங்களைச் சேர்த்துவைத்து, ஒரேயடியாக உட்கார்ந்து கவனிப்பார். புரோகிராம்களையும் முதலில் பென்சிலால் காகிதத்தில் எழுதிய பிறகே யந்திரத்தில் ஏற்றுவார்.

தம் நூலில் பிழை கண்டு சொல்பவர்க்குப் பிழை ஒன்றுக்கு 2 டாலர் 56 ஸென்ட் செக் அனுப்புவதும் அவருடைய வழக்கம். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு அது ஒரு முழு எண். செக்கைப் பெற்றவர்களில் பலர் பணமாக்காமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினர். பாங்கு மோசடிக்காரர்களின் தொல்லையால் 2008-ல் நிஜச் செக்கை நிறுத்திவிட்டு, ‘ஸான் ஸெரிப்’ என்ற கற்பனைத் தீவின் பாங்கியிலிருந்து அத்தாட்சிப் பத்திரம் அனுப்பத் தொடங்கினார்.

இவ்வளவும் செய்கிறவர்க்குக் காலம் போதுமா? கவலைக்கு இடமுள்ள கேள்விதான். நான்காம் பாகத்தின் இரண்டாம் பகுதி 2022-ல் வெளிவந்தபோது அவர் எண்பத்து நான்கு வயதை எட்டியிருந்தார். நான்காம் பாகமே இன்னும் முற்றுப் பெறவில்லை. அதற்கப்பால் ஐந்தும் ஆறும் ஏழும் நிற்கின்றன. ஆர்கனையும் சாலைப் பலகையையும் விட்டுவிட்டு எழுதியிருக்கலாகாதா என்று சில வாசகர்கள் முணுமுணுக்கக்கூடும். அவரோ நெடுநாளாக நெஞ்சிலிருந்த ஆசைப்படி, ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்ற கடைசி ஆகமம் முழுவதையும் ஆர்கன் இசையாகப் பெயர்க்கும் வேலையில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 2018 ஜனவரி 10-ந் தேதி, அவருடைய எண்பதாவது பிறந்த நாளன்று, ஸ்வீடன் தேசத்தில் பீத்தியோ என்ற ஊரில் அது அரங்கேறியது.

டெக் முறையைப்பற்றி மட்டும் அவர் உயில் எழுதிவிட்டார். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதன் பதிப்பெண் 3.14, 3.141 என்று வட்டக் கணிதத்தின் ‘பை’ என்னும் எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நீளும். 2021-ல் அது 3.141592653 ஆயிற்று. தாம் காலமானதும் எண்ணைச் சரியாகப் ‘பை’ என்றே மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. அன்று மிஞ்சியிருக்கும் பிழைகளை இனிமேல் பிழை என்று சொல்லாமல், அதன் இயல்புகள் என்றே கொள்ள வேண்டும்.