எழுத்துப்பிழையும் நண்பர்களும்

நான் குடியிருக்கும் பகுதியை யாழ்ப்பாணத்தவர் மோர்னிங்சைட் என்று எழுதுவார். சென்னையிலிருந்து வந்தவர் மார்னிங்சைட் என்று எழுதுவார். நகரின் பெயரும் அப்படித்தான். ஒருவருக்கு ரொறன்ரோ, மற்றவருக்கு டொராண்டோ. இந்த இருவரும் முகநூலில் நண்பர்களானால், சில நாட்களிலேயே ஒருவரின் எழுத்து மற்றவர் கண்ணை உறுத்தத் தொடங்குகிறது. 'தமிழையே ஒழுங்காக எழுதத் தெரியவில்லை, இவர் இலக்கியம் பேச வந்துவிட்டார்' என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

பிழை என்று நாம் சொல்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. முதல் வகை, பிழையே அல்லாதது. ஆங்கிலத்தில் ரொறன்ரோவின் முதல் ஒலி நம் டகரமும் அல்ல, தகரமும் அல்ல. 'காற்று' என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது வரும் றகர ஒலிக்கு அது நெருக்கமானது. அதனால் ஈழத்தில் ரீச்சர், ரிக்கெற் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் டகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பவணந்தி முனிவரிடம் போனால் இரண்டு பேருக்கும் தோல்விதான். நன்னூல்படி டகரமும் ரகரமும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது.

இரண்டாவது வகை ல, ள, ழ, ர, ற, ந, ன, ண மயக்கம். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். காது பிரித்துக் காட்டாததைக் கண்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நினைவு பள்ளிக்கூடத்தில், திரும்பத் திரும்ப வாசித்து எழுதுவதால் வருவது. 1983க்குப் பிறகு போரினால் பள்ளிப்படிப்பு இடையில் அறுந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! அவர்கள் இங்கு வந்து ஆங்கிலம் படித்து, இரண்டு வேலை செய்து, பிள்ளைகளை ஆளாக்கி, பல வருடங்களுக்குப் பின் கைத்தொலைபேசியில்தான் மறுபடி தமிழ் எழுதத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, விசைப்பலகை செய்யும் பிழை. மென்பொருள் துறையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறைகள் பலவற்றில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். ஷிஃப்டை அழுத்தினால் ள, அழுத்தாவிட்டால் ல. விரல் ஒரு கணம் தவறினால் பள்ளி பல்லியாகிவிடும். 1999ல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 பலகையில் இந்த எழுத்துகளுக்குத் தனித்தனி விசைகள் உண்டு. ஆனால் அதைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

இதனால் எழுத்துப்பிழை பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. ஓர் ஒற்றில் பொருளே மாறிவிடுகிறது. பிழையைப் பிழை என்றுதான் சொல்ல வேண்டும். அதை வைத்து ஆளை எடைபோடுவதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

எனக்குத் தெரிந்த வன்னிக்காரர் ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதி வந்தார். துருசு எப்படித் திறப்பது, வான் பாயும்போது ஊர் என்ன செய்யும், அலைகரையில் என்ன மரம் நிற்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் குளத்தைக் 'குலம்' என்றே எழுதுவார். நண்பர்கள் சிலர் 'எந்தக் குலம்?' என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது படங்கள் மட்டும் போடுகிறார். அந்தக் கேலியால் ஒரு ளகரம்கூடத் திருந்தவில்லை. குளத்தின் கதைதான் நமக்கு இல்லாமல் போயிற்று.

மிசிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்ட், ராபின் குயின் இருவரும் 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் அறை பகிர்ந்துகொள்ள விரும்புவோரின் மின்னஞ்சல்களை 83 பேரிடம் கொடுத்து, எழுதியவரை மதிப்பிடச் சொன்னார்கள். பிழைகளைக் கண்டு கடுமையாக மதிப்பிடுவது வாசித்தவரின் குணத்தையும் பொறுத்திருந்தது. பிறரோடு எளிதில் ஒத்துப்போகாதவர்களை இலக்கணப் பிழைகள் அதிகம் உறுத்தின. கலகலப்பாகப் பழகுபவர்கள் பெரிதுபடுத்தாத பிழைகளுக்கும் உள்ளொடுங்கியவர்கள் எழுதியவரைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அப்படியானால் நம் தீர்ப்பு எழுதியவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நம்மைப் பற்றியும் பேசுகிறது.

ஆறுமுக நாவலரை (1822–1879) விடப் பிழைக்கு அஞ்சியவர் யார்? அவர் பதிப்பித்த நூல்கள் திருத்தத்துக்குப் பேர்போனவை. அவரே குழந்தைகளுக்காகப் பாலபாடங்களும் எழுதினார். தெரியாதவருக்கு ஏணி வைத்துக் கொடுத்தார்.

நாமும் அப்படிச் செய்யலாம். புத்தகம், பத்திரிகை, கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றில் உள்ள பிழைகளை வெளிப்படையாகவே சொல்வோம், அவை பொதுச்சொத்து. நண்பர் எழுதியதில் பிழை கண்டால் முதலில் அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் எழுதுவோம். அந்தப் பதிலில் அதே சொல்லைச் சரியாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைத் தனி மடலில் சொல்லலாம், அதுவும் அவர் விரும்பினால்.