எண்ணை இட்டுப் பார்ப்போம்

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பெற்றோர்க்கு ஒரு கவலை உண்டு. குழந்தைகள் கணிதத்தை ஹிந்தியிலோ, மராத்தியிலோ, ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். தமிழில் பயின்ற நாம் அவர்கள் போடும் கணக்கின் சரி பிழையை எங்ஙனம் அறிவது? நேரிய அசமன்பாடு என்னும் பகுதியைப் பொறுத்தவரை இக்கவலை வேண்டுவதில்லை. பாடமொழி தெரியாவிடினும் விடையைச் சோதிக்க வழி உண்டு.

கோடை விடுமுறைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத குழந்தைக்கு அதில் பாதி. தாய், தந்தை, எட்டு வயது மகள் ஆகிய மூவர்க்கும் சேர்த்து 100 கிலோ. படுக்கைச் சுருள் 16 கிலோ, ஏனைய மூட்டைகள் ஒவ்வொன்றும் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூட்டைகளின் எண்ணிக்கை 'க' எனில்,

12க + 16 ≤ 100.

'க'வின் இடத்தில் 6 இட்டால் 88 வரும்; பொருந்துகிறது. 8 இட்டால் 112, பொருந்தவில்லை. 7 இட்டால் மிகச் சரியாக 100. ஏற்பதா, விலக்குவதா? குறியின் கீழுள்ள கோடு, சமமாயினும் ஏற்கலாம் என்று பொருள்படும். ஆதலால் 7 பொருந்தும். கோடின்றி '<' மட்டும் இருப்பின் 7 பொருந்தாது. '<', '>' என்னும் குறிகள், இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் மறைந்தபின் 1631-இல் வெளியான அவரது நூலில் அச்சேறின. சமத்தையும் சேர்த்துக் காட்டும் குறியைப் பிரான்சு நாட்டுப் பியேர் பூகேர் 1734-இல் கையாண்டார்.

இக்கணக்கையே 100 − 12க ≥ 16 என்றும் எழுதலாம். மாணவர் பலர் இடறுவது இவ்வடிவில்தான். −12க ≥ −84 என்பது வரை நன்கு செல்வர். பின்னர் −12-ஆல் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும் என்பதை மறந்து, க ≥ 7 என்று முடிப்பர். அவ்விடையில் அடங்கிய 8-ஐ மூலக் கணக்கில் இடுக: 100 − 96 = 4. இந்த 4, 16-க்குக் குறைந்ததன்றோ? ஆகவே விடை பிழை. க ≤ 7 என்பதே சரி.

ஓர் எண் பொருந்தியதனாலேயே விடை முழுவதும் சரியென்று ஆகிவிடாது. எல்லையெண், அதனிற் சிறியது ஒன்று, பெரியது ஒன்று என மூன்றையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். இதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் அறிந்திருந்தால் போதும். ஆகவே தாய்மார்களும் தயங்க வேண்டியதில்லை. பிள்ளை விடை கண்டதும், "இந்த எண்ணை இட்டுக் காட்டு" என்று கேளுங்கள். பாடமொழி அயலாயினும் எண் நமக்கு அயலன்று.