மாங்காய்க்கு எத்தனை படிக்கட்டு?

"டிசைனை இப்ப கம்ப்யூட்டரே போட்டுடுது மாமா. இன்னும் எதுக்குக் கலை, கற்பனைன்னு பேசிட்டிருக்கீங்க?"

கேட்டது கம்ப்யூட்டர் படிக்கிற அக்கா மகன். இடம், ஆரணியில் தறிச் சத்தம் கேட்கிற தெருவின் டீக்கடை பெஞ்சு.

"கம்ப்யூட்டருக்கே தாத்தா முறை தறிதான், மாப்ளே" என்றேன். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு, ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் கருவியை உருவாக்கினார். நம் ஊர்த் தறிகளின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் இருப்பது அவர் பெயர்தான். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி மேலே போய், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். நடுவே விழும் சந்தில் குறுக்கு இழையான ஊடையை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள். அந்தப் படம் ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், கம்ப்யூட்டருக்கு முன்னோடியான தன் கணக்குப் பொறித் திட்டத்துக்கும் இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார்.

பையனுக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா? எல்லாமே ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. இதுல கலை எங்க இருக்கு?"

டீ மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. பஜ்ஜிக் காகிதத்தில் கட்டங்கள் போட்டு, அதன் மேல் பட்டுப் புடவையில் வரும் மாங்காய் ஒன்றை வரைந்தேன். தறிக்கு வளைவு தெரியாது. கட்டம் நிரம்பும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும். அதனால் மாங்காயின் முதுகு படிக்கட்டாகத்தான் இறங்க வேண்டும். மூன்று கட்டம் போய் ஒன்று இறங்குவதா, இரண்டு போய் ஒன்றா? ஒரு படி தப்பினால் மாங்காய் சப்பட்டையாகிவிடும். சரியாக விழுந்தால் பார்க்கிறவர் கண்ணே படிகளை மறந்து வளைவாக எடுத்துக்கொள்ளும். கட்டங்களைக் கம்ப்யூட்டர் நொடியில் நிரப்பித் தரட்டும், எனக்குச் சண்டையில்லை. இந்த மூக்கு இன்னும் கொஞ்சம் வளையணும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே, நான் கலை என்பது அதைத்தான்.

நிறமும் அப்படித்தான். பாவு நீலம், ஊடை பச்சை என்றால் மயில் கழுத்து. மடிப்பு அசையும்போது ஒன்று முந்தும், ஒன்று பின்வாங்கும். ஆரணிப் பட்டு எடை குறைவு என்று பெயர் வாங்கியது. நடக்கிறவளோடு சேர்ந்து அசையும். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. முத்திரை இருக்கட்டும், எந்த நீலத்துக்கு எந்தப் பச்சை என்று அது சொல்லித் தராது. அதற்கு வெயிலில் நூலைப் பிடித்துப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

"சரி மாமா, உடம்பை மூட வெறும் துணி போதாதா?"

போதும். பருத்திப் புடவையே தாராளம். "உங்கம்மா கல்யாணப் பட்டு எங்க இருக்கு?"

"பீரோல. வெள்ளத் துணில சுத்தி வச்சிருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்பை மாத்தி வைப்பாங்க. நாங்க யாரும் தொடக்கூடாது."

"இருபத்தஞ்சு வருஷமா கட்டாத துணிக்கு எதுக்கு இவ்வளவு காவல்?"

பதில் சொல்லாமல் பஜ்ஜிக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். என் மாங்காயின் மூக்கில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தை நிரப்பினான். காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இப்ப பரவால்லல்ல?"