காலையில் லாயம், பகலில் ஆபீஸ்... 71 வயதில் ஒலிம்பிக்ஸ்!

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்ன செய்வார்? காலையில் வாக்கிங் போவார். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார். பேங்க்குக்குப் போய் டெபாசிட்டைப் புதுப்பிப்பார். இத்தனை நாள் தள்ளிப்போட்ட காசி, ராமேஸ்வரத்தை முடித்துவிட்டு வருவார்.

டோக்கியோவில் ஒரு நிறுவனத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஹிரோஷி ஹோகெட்சு, மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பினார். வேலை தேடி அல்ல, சுற்றுலாவும் அல்ல. குதிரையேற்றப் பயிற்சிக்கு! அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அவர் இரண்டு ஒலிம்பிக்ஸில் ஜப்பானுக்காகக் களம் இறங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் அவருக்கு வயது 71. அந்த ஒலிம்பிக்ஸில் பங்கேற்ற வீரர்கள் அத்தனை பேரிலும் மூத்தவர் அவர்தான்.

அவர் கலந்துகொண்ட விளையாட்டின் பெயர் டிரெஸ்ஸாஜ். 2023-ல் சீனாவின் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கியதே, அதே போட்டிதான். பிரெஞ்சுச் சொல்லான இதற்குப் பயிற்றுவித்தல் என்று பொருள். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மணல் களம். அதைச் சுற்றிலும் எழுத்துகள் எழுதிய பலகைகள். இந்த எழுத்தில் நிற்க வேண்டும், அந்த எழுத்தில் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த வரிசைப்படி குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால் மாற்றி மாற்றிக் குதிக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடுவார்கள். எல்லாம் ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பார்ப்பவர்களுக்குக் குதிரை தானாகவே நடனம் ஆடுவதுபோல் இருக்கும். மேலே கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பதுபோல் தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதுதான் இதில் திறமையே. தொடையின் லேசான அழுத்தம், உடல் எடையை இம்மி அளவு மாற்றுவது, விரலிடுக்கில் கடிவாள வாரை மெல்ல இறுக்கித் தளர்த்துவது - இவற்றால்தான் அவர் குதிரையோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு வெளியில் தெரிந்துவிட்டால் மதிப்பெண் குறையும். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பட்டியலில் மோதுகிற மிகச் சில ஒலிம்பிக்ஸ் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

23 வயதில் முதல் ஒலிம்பிக்ஸ்

ஹோகெட்சு பிறந்தது 1941-ல், டோக்கியோவில். பள்ளிப் பருவத்திலேயே குதிரை மீது ஆசை வந்துவிட்டது. குதிரையேற்றத்தில் ஜப்பானுக்கு ஒரு பழம்பெருமை உண்டு. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் தடை தாண்டும் போட்டியில் தங்கம் வென்றவர் தகேய்ச்சி நிஷி என்ற ஜப்பானிய ராணுவ அதிகாரி. அதன் பிறகு போர், தோல்வி, இடிபாடு. 1964-ல் டோக்கியோவிலேயே ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, போரிலிருந்து மீண்டெழுந்த நாட்டை உலகமே வந்து பார்த்தது. அந்த ஒலிம்பிக்ஸில் தடை தாண்டும் போட்டியில் கலந்துகொண்ட ஜப்பானிய இளைஞர்களில் ஒருவர் 23 வயது ஹோகெட்சு. தனிநபர் பிரிவில் அவருக்குக் கிடைத்தது 40-ஆவது இடம்.

இந்த இடத்தில் ஒரு விளையாட்டு வீரரின் கதை வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றில் போகும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு விளையாட்டே கதி என்று இறங்குவார். இல்லையென்றால் விளையாட்டை மூட்டை கட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஹோகெட்சு இரண்டையும் செய்யவில்லை. கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஜப்பானுக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவப் பரிசோதனைப் பொருள் நிறுவனத்தின் ஜப்பான் பிரிவுக்குத் தலைவரானார்.

ஆனால் குதிரையை விடவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பார். லாயத்துக்குப் போய்ச் சவாரி செய்துவிட்டு, அதன் பிறகு ஆபீஸ். ஜப்பானிய நிறுவனங்களின் வேலை நேரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த ஒரு வரியின் கனம் புரியும். ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் விடிகாலையில் எழுந்தாக வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகள்!

பணமும் குதிரையும்

குதிரையேற்றம் ஒரு காலத்தில் ராணுவ அதிகாரிகளின் சொத்தாகவே இருந்தது. 1948 வரை ஒலிம்பிக்ஸ் டிரெஸ்ஸாஜில் ராணுவ அதிகாரிகள் தவிர வேறு சிப்பாய்கள் கலந்துகொள்ள முடியாது. பெண்களுக்கும் இடம் இல்லை. அந்த ஆண்டு தங்கம் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி அந்தஸ்தில் இல்லாதவர் என்பது பிறகு தெரியவந்து, பதக்கத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். 1952-ல்தான் கதவு திறந்தது. அந்த வருடமே, போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்ட்டல், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு இன்னொருவர் உதவி வேண்டியிருந்தது.

விதி மாறினாலும் செலவு மாறவில்லை. ஓட்டப்பந்தய வீரருக்கு ஒரு ஜோடி ஷூவும் மைதானமும் போதும். இங்கே வாய்பேசாத ஒரு கூட்டாளிக்குத் தீனி போட வேண்டும், லாடம் அடிக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், லாய வாடகை கட்ட வேண்டும், போட்டி நடக்கும் ஊருக்கெல்லாம் வண்டியிலோ விமானத்திலோ ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு குதிரையை ஒலிம்பிக்ஸ் தரத்துக்குப் பழக்கவே பல ஆண்டுகள் ஆகும். உச்சத்தில் இருக்கும் பலருக்கு இதுவே தொழில். மற்றவர்களின் குதிரைகளைப் பழக்கிக் கொடுப்பார்கள், மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள், செல்வந்தர்கள் தங்கள் குதிரையை இவர்களிடம் ஒப்படைப்பார்கள். பகல் முழுவதும் சேணத்தில் இருப்பவர்களோடு, விடிகாலையில் கொஞ்ச நேரம் மட்டும் சவாரி செய்யும் ஒரு கம்பெனித் தலைவர் மோத வேண்டும்.

அந்த உத்தியோகம் அவருடைய நேரத்தைத் தின்றது உண்மைதான். அதே உத்தியோகம்தான் குதிரைக்கும் படியளந்தது. இந்தக் கணக்கைப் போடாமல் அவருடைய கதையை ‘கனவைத் துரத்தியவர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதிக் கதைதான்.

இதற்கிடையில் கண் பார்வை மங்க ஆரம்பித்தது. பாய்ந்து போகும் குதிரை மேலிருந்து, எதிரே வரும் தடையின் தூரத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. தடை தாண்டும் போட்டியில் அது ஆபத்து. அதனால் டிரெஸ்ஸாஜுக்கு மாறினார். இங்கே கண்ணைவிட உடம்பின் உணர்வு முக்கியம். வயதானவர்களுக்கு இது ஓரளவு கைகொடுக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 1936 பெர்லினில் ஆஸ்திரியாவின் ஆர்தர் ஃபோன் பொங்ராட்ஸ் 72 வயதில் டிரெஸ்ஸாஜில் கலந்துகொண்டார். 1972 மியூனிக்கில் பிரிட்டனின் லோர்னா ஜான்ஸ்டனுக்கு வயது 70!

ஆனால் ஹோகெட்சுவுக்கு வாய்ப்பு உடனே வந்துவிடவில்லை. 1984-ல் மாற்று வீரர் பட்டியலோடு நின்றுபோனார். 1988 சியோல் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றார். கொரியா பக்கத்து நாடு. இந்த முறை நிச்சயம் என்றிருந்தபோது, குதிரை நோய்த்தடுப்புச் சோதனையைத் தாண்டவில்லை. மனிதருக்கு அனுமதி உண்டு, குதிரைக்கு இல்லை. அப்போது அவருக்கு 47 வயது. வேறு யாராவது என்றால் அத்தோடு முடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் மறுபடியும் காலை ஐந்து மணிக்கு எழுந்து லாயத்துக்குப் போனார்.

மனைவி டோக்கியோவில், அவர் ஆஹனில்

ஓய்வுபெற்ற பிறகு அவர் போய்ச் சேர்ந்த ஊர் ஆஹன். ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் பழைய நகரம். குதிரையேற்ற உலகத்துக்கு அது காசி மாதிரி. அங்கே நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் டி ரிடர் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். நாற்பது வருடமாக விடிகாலையில் திருடித் திருடிச் சேர்த்த நேரம், இப்போது முழு நாளாகக் கிடைத்தது.

அவருடைய மனைவி டோக்கியோவிலேயே இருந்தார். கணவனும் மனைவியும் சந்தித்துக்கொண்டது வருடத்தில் சில தடவைகள் மட்டுமே. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் காலை குதிரைக்கு, பகல் ஆபீஸுக்கு. ‘ரிட்டயர் ஆனதும் நமக்காக இருப்பார்’ என்று எந்த மனைவியும் எதிர்பார்க்கும் வயதில், அவர் இன்னொரு கண்டத்துக்குப் போய்விட்டார். ஒன்றிரண்டு மாதம் அல்ல, ஆண்டுக்கணக்கில். பத்திரிகைகள் ஹோகெட்சுவின் வயதை எண்ணியதில் காட்டிய ஆர்வத்தை, அந்த வீட்டில் தனியாகக் கழிந்த நாள்களை எண்ணுவதில் காட்டவில்லை. குடும்பத்தின் ஆதரவு என்று எளிதாக ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஹோகெட்சு வீட்டில் அந்த ஆதரவுக்கு ஒரு விலை இருந்தது.

ஆஹனில் அவருக்குக் கிடைத்த கூட்டாளியின் பெயர் விஸ்பர். செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் என்று பொருள். இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். குதிரைகளுக்கான நோய்த்தடுப்பு ஏற்பாடுகளை முன்னிட்டு, குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் ஹாங்காங்கில் நடத்தினார்கள். சியோலில் கதவடைத்த அதே பிரச்னைதான், இந்த முறை போட்டியையே வேறு ஊருக்கு இடம் மாற்றியது. 67 வயது ஹோகெட்சு, விஸ்பரோடு களத்துக்குள் வந்தார். 1964-க்குப் பிறகு 44 ஆண்டுகள் கழித்து! ஜப்பான் அணிக்கு ஒன்பதாவது இடம். ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை வயதானவர்களின் நம்பிக்கை நட்சத்திரம் என்று கொண்டாடின.

‘சரி, ஆசை தீர்ந்தது. இனி வீடு திரும்பலாம்’ என்று அவர் கிளம்பவில்லை. பதக்கம் கிடைக்காத ஏக்கமும் காரணம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சவாரி இன்னும் மேம்பட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றுவதுதான் தன்னை விடாமல் இழுக்கிறது என்று பேட்டிகளில் சொன்னார். எழுபதை நெருங்கும் ஒருவர் ‘போன வருஷத்தைவிட இந்த வருஷம் நன்றாகச் செய்கிறேன்’ என்று சொல்ல இடமிருக்கும் விளையாட்டுகள் எத்தனை?

லண்டனுக்கு முந்தைய காலத்தில் விஸ்பருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காலில் தசைநார் பிரச்னை. மாதக்கணக்கில் போட்டிகளுக்கு வர முடியவில்லை. குதிரை இல்லாமல் தகுதிப் புள்ளிகள் இல்லை. அந்த வயதில் இன்னொரு குதிரையைப் பழக்கித் தயார்செய்ய நேரமும் இல்லை. ஏறக்குறைய எல்லாம் முடிந்தது என்ற நிலை. விஸ்பர் தேறியது. 2012 மார்ச் மாதத்தில், தகுதிக்கான காலம் முடியும் தறுவாயில், பிரான்ஸில் நடந்த போட்டியில் ஹோகெட்சு லண்டனுக்கான இடத்தைப் பிடித்தார்.

ஆகஸ்ட் மாதம், லண்டன் கிரீனிச் பூங்கா. தேம்ஸ் நதிக்கரையில் அரச மாளிகைகளுக்குப் பின்னால் அமைத்த களத்தில், சுற்றிலும் நிறைந்த கூட்டத்துக்கு நடுவே 71 வயதுக்காரரும் 15 வயதுக் குதிரையும் வந்தார்கள். மதிப்பெண் 68.7 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை. அந்தப் போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டனின் சார்லட் டுஜார்டினுக்கு வயது 27. ஹோகெட்சு முதல் ஒலிம்பிக்ஸில் குதிரை ஏறியபோது அவர் பிறக்கவே இன்னும் இருபது ஆண்டுகள் பாக்கி இருந்தன.

முதல் ஒலிம்பிக்ஸுக்கும் கடைசி ஒலிம்பிக்ஸுக்கும் நடுவே 48 ஆண்டுகள். ஒலிம்பிக்ஸ் வரலாற்றில் இவ்வளவு நீண்ட இடைவெளியில் வேறு யாரும் களம் கண்டதில்லை. அடுத்த ஒலிம்பிக்ஸ் பற்றி லண்டனில் நிருபர்கள் கேட்டபோது, அவர் சொன்ன தயக்கம் தன் வயதைப் பற்றியது அல்ல. நான்கு வருடம் கழித்து விஸ்பருக்கு 19 வயதாகிவிடும், அதற்கு அது முடியாது என்பதுதான். தன்னால் முடியுமா என்ற சந்தேகம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை!

விஸ்பருக்குப் பிறகு வேறொரு குதிரையோடு 2016 ரியோவுக்கும் முயன்றார். போயிருந்தால் 75 வயது. ஒலிம்பிக்ஸில் கலந்துகொண்டவர்களிலேயே மூத்தவராக எல்லோரும் சொல்வது, 1920-ல் 72 வயதில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்ற ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வானைத்தான். அந்தச் சாதனை அன்றோடு தகர்ந்திருக்கும். ஆனால் மறுபடியும் குதிரையின் உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. சியோலில் நடந்ததுபோலவே.