பணி முடியும் நாளும் கையொப்பமும்

வேலை பெறுவது எவ்வாறு என்று எடுத்துரைக்கும் நூல்கள் மிகுதி. பெற்ற வேலை கைவிட்டுப் போகும் நாளில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை நாம் வகுப்பறையில் சொல்வதில்லை. குன்றாண்டார்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவும் வானம் பார்த்த பூமி. அங்கிருந்து படித்து வெளியூர் செல்லும் பிள்ளையின் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கிறது. எனவே அந்த நாளைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை இதற்குத் தக்க சான்று. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. இளம்பெண்கள் பெருந்தொகையினர் அங்கே பணியாற்றினர். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இவ்வாலை அதில் சேரவில்லை. தன்விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு வெளியேறினர். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் 'ஓய்வு' பெறுவது என்பது தமிழுக்கே புதிய சொல்லாட்சி!

சொல்லைக் குறித்து நாம் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆட்குறைப்பு என்பது ஒன்று. தாமே விலகுதல் என்பது வேறொன்று. ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்குரிய ஊதியம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவ்வளவையே தொடர்கிறது. தாமே விலகுவதாக எழுதிக் கொடுத்தவர்க்கு இவ்வுரிமை இல்லை. "நீக்கம் என்று பதிவானால் உன் பெயர் கெடும், நீயே விலகியதாக எழுதிக் கொடுத்துவிடு" என்று மேலாளர் சொல்லும் சொல்லில் பரிவும் இருக்கலாம், கணக்கும் இருக்கலாம். அந்த அறையிலேயே கையொப்பமிட வேண்டுவதில்லை. ஒருநாள் அவகாசம் கேட்டு, தாளின் படியைப் பெற்று, விவரமறிந்த ஒருவரிடம் காட்டிய பின்னரே ஒப்பமிடுதல் நன்று.

அடுத்து வருவது விடைபெறும் நேர்காணல். பெரிய நிறுவனங்களில் மனிதவளத் துறையினர் அழைத்து, "ஏன் செல்கிறீர்கள்? குறை யாது?" என்று வினவுவர். மாணவர் சிலர் இதனை வழக்காடுமன்றம் என்று எண்ணி மனத்திலுள்ளதையெல்லாம் கொட்டிவிடுகின்றனர். அங்கே சொல்வது எழுத்தில் பதிவாகிறது. பணிமுறையில் கண்ட குறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆட்களைப் பெயர் சுட்டி ஏசுவதால் பயனில்லை. ஆயின், கொடுமையோ முறைகேடோ நேர்ந்திருப்பின் அதை வாய்மொழியாக விடாது எழுத்தில் தருவதே முறை. அந்நாளிலேயே பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, வருங்கால வைப்புநிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். ஐந்தாண்டு தொடர்பணி ஆற்றியவர் பணிக்கொடையையும் கேட்க மறத்தலாகாது. நிறுவனம் மூடிய பின்னர்ச் சான்றிதழுக்கு எவர் கதவைத் தட்டுவது?

புதிய விண்ணப்பத்தில் பழைய வேலையை மறைப்பது நம் பிள்ளைகள் அச்சத்தால் செய்யும் பிழை. வைப்புநிதிக் கணக்கு ஒரே எண்ணில் தொடர்வதால், முந்தைய பணிக்காலம் அங்கே தெரிந்துவிடும். "ஆலை மூடப்பட்டது, இத்தனை ஆண்டு பணியாற்றினேன், இவ்வேலை கற்றேன்" என்னும் மூன்று தொடர்கள் போதும். பழைய முதலாளியைப் பழிக்கும் நான்காம் தொடர் வேண்டா. கேட்பவர், நாளை தம்மையும் இவர் இவ்வாறே பேசுவார் என்று எண்ணக்கூடும்.

மூடிக்கிடந்த நோக்கியா வளாகத்தை 2019இல் சால்காம்ப் என்னும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கைப்பேசி மின்னூட்டிகள் செய்யும் அந்நிறுவனத்தை நாடி முன்னாள் தொழிலாளி ஒருவர் சென்றால், 2014இல் பெற்ற அனுபவச் சான்றைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.