திருவிழா மேடையில் டிஜே பெட்டி ஏன் தாளம் தவறுகிறது?

லேப்டாப் இல்லாமல், பென் டிரைவிலிருந்தே பாட்டெடுத்துக் கலக்கும் டிஜே பெட்டிக்கு, காரியாபட்டி வட்டாரத் திருவிழா மேடையில் முதல் தேவை பேட்டரி. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்வரை லேப்டாப் தாக்குப்பிடிக்கும். பேட்டரி இல்லாத பெட்டி அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2020இல் வந்த டெனான் பிரைம் கோ என்ற பெட்டி பேட்டரியோடு வந்தது. பெரிய பெட்டிகள் பலவற்றில் அது இல்லை.

தாளக் கணக்கு இன்னும் சிக்கல். ஓசை சட்டென உயரும் இடங்களை அடிகளாகக் கொண்டு, அவற்றின் இடைவெளியை வைத்து நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பெட்டி கணிக்கிறது. கம்ப்யூட்டரில் கட்டிய பாட்டுக்கு இது பெரும்பாலும் பிசகாது. பறையும் நாதஸ்வரமும் நேரடியாக வாசித்துப் பதிந்த பாட்டிலோ வேகம் ஏறி இறங்கும். 120 அடி 119 ஆனாலே, கலக்கும் இரு பாட்டுகளும் அரை நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். ஆடுகிறவர் கால் அங்கேயே தடுமாறும். ஆறு எண்ணிக்கைத் தாளம் வந்தால், 100 அடியை 150 என்று பெட்டி எண்ணிவிடுவதும் உண்டு. பாட்டின் அடிகள் விழும் இடங்களைக் குறித்து, வேகத்தோடு வளைந்துகொடுக்கும் தாளக்கட்டம் ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் ஏற்கெனவே உள்ளது. அந்தக் கணிப்பு பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். தவறினால் மேடையில் நின்றபடி விரலால் தட்டித் திருத்தவும் வழி வேண்டும்.