தமிழா, சீனமா? சிங்கப்பூரின் ‘சிண்டியன்’ பிள்ளைகள் எந்த வகுப்பில் உட்காருவது?

அப்பா தமிழர், அம்மா சீனர். பள்ளியில் தாய்மொழிப் பாடவேளை வந்ததும் பிள்ளைகள் சீனம், மலாய், தமிழ் எனப் பிரிந்து வேறு வேறு அறைகளுக்குப் போகிறார்கள். இந்தக் குழந்தை எந்த அறைக்குப் போகும்?

சிங்கப்பூரில் இப்படி இந்திய-சீனக் கலப்பில் பிறந்தவர்களைப் பேச்சுவழக்கில் ‘சிண்டியன்’ என்பார்கள்.

இனம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அங்கே அடையாள அட்டையிலேயே இனம் இருக்கும். சீனர், மலாய், இந்தியர், மற்றவர் என நான்கு பிரிவுகள். பள்ளியில் படிக்கும் ‘தாய்மொழி’யும் பொதுவாக அதை வைத்தே முடிவாகும். வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசினாலும் இதுதான் நிலைமை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று.

2011-ல் என்ன மாறியது?

‘இந்தியர்-சீனர்’ என நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு இனங்களையும் பதிவுசெய்யலாம் என்றானது. ஆனால், முதலில் எதை எழுதுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அரசுக் குடியிருப்புகளில் 1989 முதல் உள்ள இன ஒதுக்கீட்டுக்கு, கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனமே கணக்கு.

பள்ளியில்?

இரண்டில் எந்த மொழி என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். படிவத்தில் இரண்டு இனத்துக்கும் இடம் உண்டு. பாடவேளையில் உட்கார ஒரு நாற்காலிதான்.

தமிழ் வகுப்புக்குப் போனால், “பார்த்தா சைனீஸ் மாதிரி இருக்கியே?” என்ற கேள்வி வரலாம். சீன வகுப்பில், “உனக்குச் சீனம் வருமா?” என்பார்கள். கேட்பவர்களுக்கு அது ஒரு நிமிட ஆர்வம். பதில் சொல்கிற பிள்ளைக்கோ, ஒவ்வொரு புது வகுப்பிலும் தன்னை நிரூபிக்கிற வேலை.

இழப்பு எங்கே?

சீனம் எடுத்தால் அப்பாவைப் பெற்ற பாட்டியோடு பேச்சு குறையலாம். தமிழ் எடுத்தால் அம்மா வீட்டுப் பேச்சு புரியாமல் போகலாம். இதில் இன்னொரு சிக்கல்: பள்ளியில் சொல்லித் தருவது மாண்டரின், பல சீனத் தாத்தா பாட்டிகள் பேசி வளர்ந்தது ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ். சீனம் படித்தாலும் அந்தப் பேச்சு பிடிபடும் என்று சொல்ல முடியாது.

அப்போ என்னதான் வழி?

எந்த வகுப்பு என்பது பரீட்சைக்கான முடிவு. பிள்ளை யாருடையது என்பதற்கான தீர்ப்பு அல்ல. பள்ளியில் விட்டுப்போன மொழியை வீட்டில் யாராவது தினமும் பேச வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் பாட்டிக்குப் போடும் போனிலும் இரண்டு மொழிக்கும் இடம் இருக்கிறது.

“நீ எந்தப் பக்கம்?” என்று யாராவது கேட்டால், “ரெண்டும்தான்” என்று அந்தப் பிள்ளை தயங்காமல் சொல்ல அதுதான் தைரியம் தரும்.